வெள்ளைச்சட்டைக் குற்றமும் பெண் சிறைவாசமும்: தென்னார்க்காடு முதல் பரப்பன அக்ரகாரம் வரை

ஆய்வுச்சுருக்கம்

படித்தவர், பதவியிலிருப்போர், நிதியைக் கையாள்வோர் ஆகியோர் தம் நிலையைப் பயன்படுத்திச் செய்யும் குற்றங்களுக்காகப் பெண்கள் சிறை செல்லும்போது, அச்சிறைவாசம் ஆண்களின் சிறைவாசத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1930ஆம் ஆண்டின் கைதி வகுப்பு விதி, 1999ஆம் ஆண்டின் நல்லம்மாள் வழக்குத் தீர்ப்பு, 1996 முதல் 2021 வரை நீண்ட சொத்துக்குவிப்பு வழக்கு, பெண்களுக்கான பிணைச் சலுகை குறித்த 2011, 2024ஆம் ஆண்டுகளின் ஆணைகள் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இத்தகைய பெண்ணைச் சட்டம் ‘ஒருவருடைய உறவினர்’ என்றோ, ‘பெண்ணுக்குரிய சலுகை தேவைப்படாதவர்’ என்றோ மட்டுமே காண முனைந்துள்ளது என்பதும், சிறையும் செய்தித்தாளும் அவரை உடை, அடுக்களை, உறவு ஆகியவற்றின் வழியாகவே பதிவு செய்துள்ளன என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: வெள்ளைச்சட்டைக் குற்றம், பெண் கைதி, சிறை வகுப்பு, உடந்தை, சொத்துக்குவிப்பு வழக்கு, தென்னார்க்காடு

முன்னுரை

அமெரிக்கச் சமூகவியலர் எட்வின் சதர்லாந்து 1939இல் ஆற்றிய உரையொன்றில் மதிப்பும் பதவியும் உடையோர் தம் தொழிலினூடே செய்யும் குற்றங்களுக்குத் தனிப்பெயர் சூட்டினார். வெள்ளைக் கழுத்துப்பட்டை அணிந்த அலுவலரைச் சுட்டும் அப்பெயரை வெள்ளைச்சட்டைக் குற்றம் என்று தமிழில் வழங்கலாம். பெயரிலேயே ஆணின் உடை அமைந்திருக்கிறது. ‘வெள்ளையும் சொள்ளையுமாக’ வருபவர் என்று தமிழ் வழக்கு யாரைச் சொல்கிறதோ அவரும் ஆணே. அத்தொடரைக் கேட்டுப் புடவை உடுத்திய ஒருவரை யாரும் மனத்தில் கொள்வதில்லை.

ஆய்வுலகமும் நெடுங்காலம் இவ்வாறே நடந்தது. டொனால்ட் கிரெசி 1953இல் வெளியிட்ட கையாடல் பற்றிய நூல் சிறையிலிருந்த ஆண்களின் நேர்காணல்களையே ஆதாரமாகக் கொண்டது. டாரத்தி சைட்ஸ் கலிபோர்னியப் பெண்கள் சிறையிலிருந்தோரைச் சந்தித்து எழுதிய நூல் 1981இல் வந்த பின்னரே, கிரெசியின் விளக்கம் பெண்களுக்கு அப்படியே பொருந்தாது என்பது தெளிந்தது. கணவருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் எடுத்தோம் என்று அப்பெண்கள் பலர் கூறியிருந்தனர். கேத்லீன் டேலி 1989இல் அமெரிக்க நடுவண் நீதிமன்றத் தண்டனைகளை ஆராய்ந்து, இவ்வகையில் தண்டனை பெற்ற பெண்களுள் மேலாளர்கள் மிகச் சிலரே என்றும் எழுத்தர், காசாளர் நிலையினரே மிகுதி என்றும் காட்டினார். இவ்விரு முடிவுகளும் தமிழ்நாட்டுச் சான்றுகளை அணுக உதவுகின்றன. எனினும் உறவு என்பதன் பொருள் இங்கு வேறு. சைட்ஸ் கண்ட பெண் உறவுக்காகப் பணத்தை எடுத்தவர். தமிழ்நாட்டு நீதிமன்ற ஆவணங்களில் வரும் பெண்ணோ, பெரும்பாலும், உறவு காரணமாகக் கையொப்பம் இட்டவர்.

கடலூரும் வேலூரும்

தியாகதுருகம் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூர்ப் படையினரும் முற்றுகையிட்ட மலைக்கோட்டையால் வரலாற்றில் இடம்பெற்ற இவ்வூர், 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், 2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. தென்னார்க்காட்டு ஆண்களுக்குச் சிறை என்றால் கடலூர். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைக் கடந்து வந்த பாரதியார் அடைக்கப்பட்டதும் அங்கேதான். பெண்களுக்கோ வேலூர். மாகாணத்தின் பெண்கள் சிறை அங்கிருந்தமையால், தென்னார்க்காட்டில் தண்டனை பெற்ற பெண் தன் ஊரிலிருந்து மட்டுமன்றித் தன் மாவட்டத்திலிருந்தும் அகற்றப்பட்டார். ஆண் கைதியைக் காண வரும் மனைவிக்கும், பெண் கைதியைக் காண வர வேண்டிய கணவனுக்கும் பயணத்தொலைவு ஒன்றன்று. பெண் கைதிகள் எண்ணிக்கையில் குறைவு, ஆகவே சிறைகளும் குறைவு, ஆகவே தொலைவு மிகுதி என்னும் இக்கணக்கு இந்திய அளவில் இன்றும் மாறவில்லை. கைதிகளுள் பெண்கள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே.

கடலூர் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலையம்மாளின் வரலாறு இத்தொலைவின் பொருளை உணர்த்தும். 1927இல் சென்னையில் நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் மகளுடன் சிறை சென்ற அவர், பின்னர் சட்டமறுப்பு இயக்கத்தில் கருவுற்ற நிலையில் வேலூர்ச் சிறையில் இருந்தார். மகப்பேற்றுக்காக வெளிவந்து மீண்டும் சிறை புகுந்தார்; அம்மகனுக்கு ஜெயில்வீரன் என்ற பெயர் வழங்கியது. அவர் அரசியல் கைதி. நம் பொருளுக்கு நேர்த் தொடர்பில்லாதவர் என்று தோன்றலாம். ஆயினும் படித்த, வசதியுள்ள கைதியை எவ்வாறு நடத்துவது என்ற வினாவை இந்தியச் சிறைகளுக்குள் கொண்டுவந்தவர்கள் அரசியல் கைதிகளே. வெள்ளைச்சட்டைக் குற்றவாளி பின்னாளில் நுழைந்தது அவர்களுக்கென்று திறக்கப்பட்ட வாயில் வழியாகத்தான்.

அதற்கு முன்னும் இவ்வகைக் கைதிகள் இல்லாமலில்லை. 1906 அக்டோபரில் சென்னை அர்பத்நாட் வங்கி முறிந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அக்காலச் சிறை ஐரோப்பியர், இந்தியர் என்னும் இனப்பாகுபாட்டைக் கொண்டே உணவையும் உடையையும் வகுத்தது. தொழில், கல்வி என்பவை அளவுகோல்களாக அமையவில்லை.

1929 செப்டம்பர் 13 அன்று லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாநோன்பிருந்து இறந்தார். அதைத் தொடர்ந்தெழுந்த கொந்தளிப்பின் விளைவாக 1930இல் ஏ, பி, சி என்னும் வகுப்புகள் வந்தன. சமூகநிலை, கல்வி, வாழ்க்கைப் பழக்கம் ஆகியவற்றால் உயர்ந்த வாழ்க்கைமுறைக்குப் பழகியவர்க்கு மேல்வகுப்பு என்றது விதி. ஏ வகுப்புக்கு மேலும் ஒரு நிபந்தனை இருந்தது: கொடுமை, ஒழுக்கக்கேடு, தன்னலப் பேராசை ஆகியவை கலந்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவராக இருத்தல் கூடாது. இந்நிபந்தனை ஆய்வாளர் கவனத்தை உரிய அளவு பெறவில்லை என்றே கருதுகிறேன். கையாடல் செய்த கருவூல அலுவலரும் மோசடி செய்த வங்கியாளரும் இந்நிபந்தனையால் ஏ வகுப்பிலிருந்து விலக்கப்பட்டனர். ஆனால் பி வகுப்புக்கு வாழ்க்கைமுறையே போதுமானதாக இருந்தது. பேராசை ஒரு வாயிலை அடைக்க, அப்பேராசையால் பெற்ற வாழ்க்கைமுறை மற்றொரு வாயிலைத் திறந்தது.

இந்த அளவுகோலைப் பெண்ணுக்குப் பொருத்தும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. 1930களில் பட்டம் பெற்ற பெண்கள் மிகச் சிலர். தம் பெயரில் வருவாய் உடையோர் அவரினும் சிலர். ஆகவே ஒரு பெண்ணின் ‘உயர்ந்த வாழ்க்கைமுறை’ தந்தையின் அல்லது கணவனின் நிலையைக் கொண்டே அளக்கப்பட இயலும். எஸ். சீனிவாச ஐயங்காரின் மகளாகிய அம்புஜம்மாளுக்கும் முதுநகர் அஞ்சலையம்மாளுக்கும் அளவுகோல் ஒன்றே; அது அளந்தது அவர்கள் பிறந்த, புகுந்த வீடுகளை. இன்றும் தமிழ்நாட்டில் முதல் வகுப்புக் கோரும் மனுக்களில் பட்டப்படிப்பும் வருமானவரி செலுத்தும் நிலையும் காட்டப்படுகின்றன. இவ்விரண்டும் பெண்களுக்கு இன்று எட்டாதவையல்ல. ஆனால் வருமானவரிக் கணக்கு அவர் பெயரில் இருப்பதே அவர்மீது வழக்கு வரக் காரணமாகும் நிலையும் உண்டு. அதை அடுத்துக் காண்போம்.

உடந்தையாளராகிய உறவினர்

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியருக்கானது. வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து வைத்திருத்தல் என்னும் குற்றத்தைப் பொது ஊழியர் மட்டுமே செய்ய முடியும். அவ்வாறாயின், அரசுப் பணியில் இல்லாத மனைவியை எவ்வாறு குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது? தமிழ்நாட்டு வழக்குகளிலிருந்து எழுந்த இவ்வினாவுக்கு 1999 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நல்லம்மாள் வழக்கில் விடையளித்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி பொது ஊழியரல்லாதவரும் இக்குற்றத்துக்கு உடந்தையாக இருக்க முடியும்; அவரையும் தனி நீதிமன்றமே விசாரிக்கலாம் என்பது தீர்ப்பு. நீதிமன்றம் தந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, பிறர் கையூட்டுப் பெற்றுச் செல்வராவதைச் சுட்டிக்காட்டி ஊழியரைத் தூண்டும் நெருங்கிய உறவினர் பற்றியது. மற்றொன்று, சொத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்பவர் பற்றியது.

தீர்ப்பின் மொழி பால் சாராதது. நடைமுறை அவ்வாறில்லை. பொது ஊழியருள் ஆண்கள் மிகுந்த சமூகத்தில் ‘நெருங்கிய உறவினர்’ பெரும்பாலும் மனைவியே. மனைவி பெயரில் நிலம் வாங்குவது தமிழ்க் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். அதில் பாசமும் உண்டு, பாதுகாப்பும் உண்டு, மறைப்பும் உண்டு. இம்மூன்றையும் பிரித்தறியும் கடினமான பணி நல்லம்மாள் தீர்ப்புக்குப் பின் விசாரணை நீதிமன்றங்களின்மேல் விழுந்தது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு அணுக்கமான சான்று ஒன்று உண்டு. திருக்கோவிலூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் அமைச்சருமாயிருந்த க. பொன்முடியும் அவருடைய மனைவியும் 2006–2011 காலச் சொத்து தொடர்பான வழக்கில் 2016இல் விசாரணை நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். சென்னை உயர் நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கி, 2023 டிசம்பர் 21 அன்று இருவருக்கும் தலா 3 ஆண்டு வெறுங்காவலும் 50 இலட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இவ்வழக்கின் சரி, தவறு குறித்து இக்கட்டுரை எதுவும் கூறவில்லை. கவனத்துக்குரியது வழக்கின் அச்சாணி: மனைவியின் தொழில் வருவாய் அவருடையதா, கணவருடைய சொத்தின் பகுதியா? விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இதில் வேறுபட்டன. மனைவியின் வருவாய் தனித்தது என்றால் இருவரும் குற்றமற்றவர். கணவருடையது என்றால் இருவரும் குற்றவாளிகள். பெண்ணின் பொருளியல் தன்னுரிமை என்னும் வினா, பெண்ணியக் கருத்தரங்கில் அன்றி, ஊழல் வழக்கின் கணக்குத்தாளில் இவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது.

தனியார் நிதி நிறுவனங்களிலும் இதே அமைப்பைக் காணலாம். 1990களின் இறுதியில் நிறுவனங்கள் பல முறிந்தபோது இயற்றப்பட்ட 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயக்குநர், பங்குதாரர் அனைவரையும் பொறுப்பாளிகளாக்கியது. மனைவியோ தங்கையோ பெயரளவில் இயக்குநராக இருந்தாலும் பொறுப்பு முழுமையானது. அதே வேளையில் எல்லாப் பெண்களும் பெயரளவினர் என்று கொள்வதும் பிழையாகும். திருப்பூர் பாசி நிதி நிறுவன வழக்கில் 2022 ஆகஸ்டில் கோவைத் தனி நீதிமன்றம் ஆண் இயக்குநர் ஒருவருக்கும் பெண் இயக்குநர் ஒருவருக்கும் ஒரே அளவாக 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அங்கே பெண் யாருடைய நிழலாகவும் காணப்படவில்லை. தியாகதுருகம் போன்ற சந்தை ஊர்களில் சீட்டு நடத்துவோரும் சேமிப்பு முகவர்களும் மகளிர் குழுத் தலைவியருமாகப் பெண்கள் பிறர் பணத்தைக் கையாளும் காலம் இது. கிரெசி சொன்ன ‘நம்பிக்கைப் பொறுப்பு’ இன்று பெண்களின் கையிலும் உள்ளது.

ஒரே தண்டனை, ஒரே சிறை, நால்வர்

பால் வேறுபாட்டை ஒப்பிட விரும்பும் ஆய்வாளர்க்கு, தண்டனையும் சிறையும் குற்றமும் ஒன்றாக இருந்து பால் மட்டும் வேறுபடும் நேர்வு எளிதில் கிடைப்பதில்லை. சொத்துக்குவிப்பு வழக்கு அத்தகைய அரிய நேர்வு. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூருத் தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா, ஜெ. ஜெயலலிதா, வி.கே. சசிகலா, ஜெ. இளவரசி, வி.என். சுதாகரன் ஆகிய நால்வருக்கும் தலா 4 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார். அபராதம் முதலாமவருக்கு 100 கோடி ரூபாய், ஏனையோர்க்குத் தலா 10 கோடி. நால்வரும் பரப்பன அக்ரகாரம் சிறையில் அடைக்கப்பட்டு 22ஆம் நாள் பிணையில் வந்தனர். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டது. அதற்குள் ஜெயலலிதா காலமாகியிருந்தார். எஞ்சிய மூவரும் அதே சிறைக்குத் திரும்பினர்.

இவ்வழக்கில் பொது ஊழியர் பெண். உடந்தையாளருள் இருவர் பெண்கள், ஒருவர் ஆண். கணவர் ஊழியர், மனைவி உடந்தை என்னும் வழக்கமான அமைப்பு இங்கே இல்லை. ஆனாலும் பொதுமக்கள் நினைவில் இவ்வழக்கு தங்கியது பெண்ணின் உடைமைகளாகவே. 1996 டிசம்பர் 7 அன்று வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழக்கில் ஜெயலலிதா கைது செய்யப்பட்டுச் சென்னை மத்திய சிறையில் 28 நாள் இருந்தார். அவ்வழக்கில் 2000இல் விடுதலையானார். அந்நாட்களில் போயஸ் தோட்ட இல்லத்தில் நடந்த சோதனையில் கண்ட 10,500 புடவைகளும் 750 இணைக் காலணிகளும் 28 கிலோ தங்க நகைகளும் மீண்டும் மீண்டும் பேசப்பட்டன. வழக்கின் பெரும்பகுதி நிலங்கள், நிறுவனங்கள், கட்டடங்கள் பற்றியது. அவற்றின் மதிப்போடு ஒப்பிட்டால் புடவையும் காலணியும் பொருட்படுத்தத் தக்கவையல்ல. எனினும் அவையே சின்னங்களாயின. அலைக்கற்றை வழக்கில் ஆண் அமைச்சர் ஒருவர் குற்றஞ்சாட்டப்பட்டபோது நினைவில் நின்றது 1.76 இலட்சம் கோடி என்ற எண். அவர் வீட்டில் எத்தனை சட்டைகள் இருந்தன என்று யாரும் கேட்கவில்லை.

சிறைக்குள்ளும் இதே நோக்குத் தொடர்ந்தது. 2017 ஜூலையில் கர்நாடகச் சிறைத்துறைத் துணைத் தலைவர் டி. ரூபா தம் மேலதிகாரிக்கு அளித்த அறிக்கையில், சசிகலாவுக்குத் தனி அடுக்களை உள்ளிட்ட சலுகைகள் வழங்கப்படுவதாகவும் அதற்கு 2 கோடி ரூபாய் கைம்மாறியதாகப் பேச்சு இருப்பதாகவும் எழுதினார். மேலதிகாரி மறுத்தார்; ரூபா இடமாற்றம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப்பணி அலுவலர் வினய் குமாரின் விசாரணை, சலுகைகள் வழங்கப்பட்டது உண்மை என்று கண்டதாக 2019இல் செய்திகள் வெளியாயின. ஊழலுக்காகச் சிறை சென்றவர் தொடர்பாகச் சிறையிலேயே ஊழல் என்பதும், அதை வெளிப்படுத்தியவரும் ஒரு பெண் அலுவலர் என்பதும் வரலாற்றாசிரியர் குறிக்க வேண்டியவை. ஆனால் பேசுபொருளானது அடுக்களை. தன் உணவு, தன் உடை, தன் படுக்கை ஆகியவை 1930ஆம் ஆண்டின் மேல்வகுப்பு விதி சட்டப்படி வழங்கியவையே. சிறைச் சலுகை என்பது எக்காலத்தும் வீட்டைச் சிறைக்குள் கொண்டுவருதலே. ஆண் கைதிக்கு அது மதிப்பின் அடையாளமாகக் கருதப்பட்டது. பெண் கைதிக்கு அது ஆடம்பரத்தின் சான்றாயிற்று.

சசிகலா சிறையிலிருந்து வெளிவந்த பரோல் நாட்களும் உறவின் வழியே அமைந்தன: 2017 அக்டோபரில் கணவரின் உறுப்பு மாற்றுச் சிகிச்சை, 2018 மார்ச்சில் அவருடைய மரணம். 2021 ஜனவரி 27 அன்று, கொரோனாத் தொற்றுக்காக மருத்துவமனையில் இருந்த நிலையில் விடுதலையானார். பிப்ரவரியில் இளவரசி விடுதலையானார். பெண்கள் இருவரின் அபராதமும் கட்டப்பட்டுவிட்டது. சுதாகரனின் அபராதம் கட்டப்படவில்லை. அதற்கீடாக மேலும் ஓராண்டு சிறையிலிருந்து 2021 அக்டோபரில் வெளிவந்தார்.

நால்வருள் மிக நீண்ட காலம் சிறையிலிருந்தவர் ஆண். அவரைப் பற்றி மிகக் குறைவாக எழுதப்பட்டது. 1995இல் அவருடைய திருமணத்தைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய சிறையைப் பற்றி எழுதவில்லை. பெண்ணுக்குச் சிறை கடுமையானது, ஆணுக்கு எளியது என்னும் பொதுவான கூற்று இச்சான்றின் முன் நிற்காது. பால் இங்கே தண்டனையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. யாருடைய சிறை காணப்படும், எதன் வழியாகக் காணப்படும் என்பதைத் தீர்மானித்தது.

எழுதப்படாத குறிப்புகள்

தமிழில் சிறை இலக்கியம் வளமானது. 1921–22இல் வேலூர்ச் சிறையில் இராஜாஜி நாட்குறிப்பு எழுதினார், மு. கருணாநிதி ‘ஆறுமாதக் கடுங்காவல்’ எழுதினார். அலைக்கற்றை வழக்கில் விடுதலையான ஆ. இராசா தம் வழக்கைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அம்புஜம்மாளின் தன்வரலாறு பெண் குரலுக்கு ஒரு சான்று. ஆனால் அது அரசியல் கைதியின் குரல். கொள்கைக்காகச் சிறை சென்றவர் எழுதலாம் என்பது மரபு. பேராசைக்காகச் சிறை சென்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர்க்கு அம்மரபில் இடமில்லை. பெண்ணாயின் இருமடங்கு இல்லை. ஆகவே நம்மிடம் உள்ளவை நீதிமன்ற ஆணை, சிறை அலுவலர் அறிக்கை, நிருபர் செய்தி ஆகிய மூன்றே. மூன்றும் அப்பெண்ணைப் பற்றிப் பிறர் எழுதியவை.

பிணையும் ‘பெண்’ என்னும் சொல்லும்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 437ஆம் பிரிவு, பெண்ணாயிருப்பின் கடுங்குற்ற வழக்கிலும் பிணை வழங்கலாம் என்று இடமளித்தது. 2011 மே 20 அன்று அலைக்கற்றை வழக்கில் கைதாகித் திகார்ப் பெண்கள் சிறையில் இருந்த மாநிலங்களவை உறுப்பினர் கனிமொழி இவ்விதியைச் சுட்டிப் பிணை கோரினார். பள்ளி செல்லும் மகன் இருப்பதும் கூறப்பட்டது. 2011 நவம்பர் 3 அன்று தனி நீதிபதி ஓ.பி. சைனி மனுவைத் தள்ளினார். சமூகத்தின் மேல்தட்டைச் சேர்ந்தவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஒருவர் பெண் என்பதால் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று கொள்ள முடியாது என்பது அவர் கருத்து. அம்மாத இறுதியில் டெல்லி உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது. 2017 டிசம்பர் 21 அன்று கனிமொழி உட்பட அனைவரும் அதே நீதிபதியால் விடுவிக்கப்பட்டனர். பின்னாளில் விடுதலையான ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தார் என்பது இதன் பொருள்.

இவ்வாணையின் தருக்கம் தனிமனிதரைக் கடந்தது. பெண் கைதிகள் பற்றி ஆராய்ந்த நீதிபதி கிருஷ்ணய்யர் குழுவின் 1987ஆம் ஆண்டு அறிக்கைக் காலந்தொட்டு, சீர்திருத்த நோக்கில் பெண் கைதி என்றால் வறியவர், கல்வி மறுக்கப்பட்டவர், கைவிடப்பட்டவர். இச்சித்திரம் பெரும்பான்மையோரைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அதுவே இலக்கணமானபோது, அதற்குள் அடங்காதவர் சட்டத்தின் கண்ணில் பெண்ணாகவே நிற்கவில்லை. மனைவியாக இருக்கையில் கணவரின் நிழல் என்றும், தன்னிலையில் நிற்கையில் பெண்ணுக்குரிய விதி தேவைப்படாதவர் என்றும் கொள்ளப்பட்டார்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் இவ்வினா மீண்டும் எழுந்தது. தெலங்கானாவின் கே. கவிதா 2024 மார்ச்சில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைதானார். அச்சட்டத்தின் 45ஆம் பிரிவிலும் பெண்களுக்கான விலக்கு உண்டு. கல்வியும் செல்வாக்கும் உடைய அவர் நலிந்த பெண் அல்லர் என்று டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024 ஆகஸ்டு 27 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. உயர்கல்வி பெற்றவர் என்பதாலோ சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் என்பதாலோ ஒரு பெண்ணுக்கு இவ்விலக்கு மறுக்கப்படலாகாது என்று கூறிப் பிணை வழங்கியது. அதற்கு எட்டு வாரம் முன்னர், 2024 ஜூலை 1 அன்று, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருந்தது. பழைய 437ஆம் பிரிவின் அவ்விதி அதன் 480ஆம் பிரிவில் தொடர்கிறது.